வடித்த நீரும் பெற்றோரின் அலட்சியமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், கருவிலிருக்கும் குழந்தையின் தலையில் நீர் கோர்ப்பது (ஹைட்ரோசெஃபாலஸ்) பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. அதன் கடைசிப் பத்தி: "குழாய் வைத்து நீரை வடித்துவிட்டால் மூளை பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதன் பிறகும் குழந்தை பின்தங்கினால், பயிற்சி கொடுப்பதில் பெற்றோர் காட்டும் அலட்சியமே காரணம்." என் மாமியார் இதைச் சத்தமாகப் படித்தார். படித்து முடித்து என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

பழைய நிலை என்று எதைச் சொல்கிறீர்கள்? கருவில் பாதி உருவான மூளைக்குப் பழைய நிலை ஏது?

கட்டுரை முழுக்க அடைப்பு, குழாய், வடிகால் என்றே போகிறது. படமும் அப்படித்தான் போட்டிருக்கிறீர்கள். மூளைக்குள் அந்த நீர் தேங்கும் அறைகளின் சுவர் எதனால் ஆனது என்று ஒரு வரி இல்லை. உங்களுக்குத் தெரியாததல்ல: கருவில் நரம்பு ஸ்டெம் செல்கள், அதாவது நரம்பணுக்களைப் பெற்றெடுக்கும் மூலச் செல்கள், வரிசைகட்டி நிற்கும் இடம் அது. மூளையின் வெளிப்படலமான பெருமூளைப் புறணியின் பெரும்பாலான நரம்பணுக்கள் அங்கேதான் பிறக்கின்றன. பிறந்து, அதே ஸ்டெம் செல்கள் நீட்டியிருக்கும் இழைகளைப் பற்றிக்கொண்டு வெளிப்பக்கம் நகர்ந்து தங்கள் இடத்துக்குப் போகின்றன. இந்தச் செல்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்திருக்கும் பிணைப்பு குலைந்தால் சுவர் உரிகிறது. சில செல்கள் மூளை நீரிலேயே உதிர்ந்து போகின்றன. சில நரம்பணுக்கள் பயணத்தைத் தொடங்காமல் சுவரோரமே குவிந்து நின்றுவிடுகின்றன.

அடைப்பு எங்கிருந்து வருகிறது என்றும் பாருங்கள். மூன்றாவது அறையையும் நான்காவது அறையையும் இணைக்கும் சில்வியஸ் கால்வாய் மிகக் குறுகலான வழி. அங்கே சுவர் உரிந்தால் இரு பக்கமும் ஒட்டிக்கொண்டு வழி மூடிவிடும். எச்.ஒய்.எச். என்ற சுண்டெலி இனத்தில் நீர் கோர்ப்பதற்கு முன்பே சுவர் உரியத் தொடங்குவதைக் காட்டியிருக்கிறார்கள். ஆக, நோயின் தொடக்கம் என்று நீங்கள் படம் போட்ட அடைப்பே, சில குழந்தைகளிடம் ஏற்கெனவே நடந்துவிட்ட ஒன்றின் விளைவு. 2020-இல் நேச்சர் மெடிசின் இதழில், பிறவி ஹைட்ரோசெஃபாலஸ் உள்ள 381 பேரின் மரபணுக்களை ஆராய்ந்த கட்டுரை வந்தது. அதில் அகப்பட்ட முக்கியமான மரபணுக்கள், கருவின் மூளையில் நரம்பணுக்கள் உருவாகும் வேலையோடு சம்பந்தப்பட்டவை. 2022-இல் டிரிம்71 என்ற மரபணுவைப் பற்றி இன்னொன்று வந்தது: ஸ்டெம் செல்கள் போதிய அளவு பெருகாததால் மூளைத் திசு மெலிந்து நெகிழ்ந்து, நீர்ச் சுழற்சியில் முதன்மையான கோளாறு எதுவும் இல்லாமலே அறைகள் விரிந்துவிடுகின்றன என்று. இப்போது சொல்லுங்கள், அந்தக் குழந்தையின் மூளை எதை வடித்தால் எந்த நிலைக்குத் திரும்பும்?

எல்லாருக்கும் இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. குறைமாதக் குழந்தையின் மூளை அறைக்குள் ரத்தம் கசிந்தும் வரும், தொற்றாலும் வரும், கட்டியாலும் வரும். உங்கள் கட்டுரைக்குத்தான் எல்லாம் ஒரே நீர், ஒரே குழாய்.

என் மகனுக்குப் பிறந்த சில நாட்களிலேயே ஷன்ட் என்கிற அந்த வடிகுழாயை வைத்தார்கள். தலையின் சுற்றளவு கட்டுக்குள் வந்தது. ஆனாலும் தாமதமாகத்தான் நடந்தான், கணக்கு இன்றுவரை வரவில்லை, எட்டு வயதில் வலிப்பு வந்தது. எம்.ஆர்.ஐ. எடுத்த மருத்துவர், மூளை அறையின் சுவரோரம் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்ன முடிச்சுகளைக் காட்டினார். மேலே போக வேண்டிய நரம்பணுக்கள் அங்கேயே நின்றுவிட்டன, வலிப்பு அங்கிருந்துதான் கிளம்புகிறது, இது பிறப்பதற்கு முன்பே முடிந்துபோன கதை என்றார். பிறகு மரபணுச் சோதனையில் ஒரு மாற்றம் தெரிந்தது. அது அவன் அப்பாவிடமும் இல்லை, என்னிடமும் இல்லை, அவனிடம் புதிதாக வந்தது. நான் காலையும் மாலையும் கொடுத்த பயிற்சியில் எதைக் கூட்டியிருந்தால் அந்த முடிச்சுகள் இடம் பெயர்ந்திருக்கும் என்று உங்கள் கட்டுரையாளர் சொல்லட்டும், இன்றைக்கே தொடங்குகிறேன்.

குழாய் வேண்டாம் என்று யாரும் இதைப் படித்து நினைத்துவிடக் கூடாது. அந்தக் குழாய் இல்லையென்றால் என் மகன் இல்லை. ஆனால் ஒருமுறை வைத்தால் தீர்ந்தது என்கிற தொனி இருக்கிறதே, அது ஆபத்து. குழந்தைகளுக்கு வைக்கும் ஷன்ட்களில் ஏறக்குறைய பத்தில் நான்கு, வைத்த இரண்டே ஆண்டுகளுக்குள் பழுதாகின்றன. தலைவலி, வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம் என்று வந்தால் உடனே ஓட வேண்டும். இதற்கு உங்களுக்கு இடமில்லை, பெற்றோரின் அலட்சியத்துக்கு இடமிருக்கிறது. கருவிலேயே நீரை வடிக்கும் காலம் வரப்போகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காலம் 1980களின் தொடக்கத்திலேயே வந்தது. வயிற்றுக்குள் இருக்கும்போதே கருவின் தலையில் குழாய் வைத்துப் பார்த்தார்கள், பலன் ஏமாற்றமாக இருந்ததால் நிறுத்தினார்கள்.

இது முதல்முறை என்றால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம் என்ற துணுக்கை எத்தனை முறை போடுவீர்கள்? அப்புறம் "மூளையே இல்லாமல் அரசு வேலை பார்த்த மனிதர்" என்று ஒரு நகைச்சுவை. 2007-இல் லான்செட் இதழில் வந்த பிரெஞ்சு ஊழியரின் விவரம் அது. அவருக்கு மூளை இல்லாமல் இல்லை, விரிந்த அறைகள் அதைச் சுவரோடு ஒடுக்கியிருந்தன. கைக்குழந்தையாக இருந்தபோதே ஷன்ட் வைக்கப்பட்டவர். அவருடைய ஐ.க்யூ. 75 என்றும் அதே குறிப்பில் இருக்கிறது. வேலை பார்த்தார், மணம் செய்துகொண்டார், இரண்டு குழந்தைகளுக்கு அப்பா. நீங்கள் சிரித்த இடத்தில் எங்களைப் போன்றவர்கள் நம்பிக்கைக்கு ஏதாவது கிடைக்குமா என்று தேடுகிறோம். அப்போதே ஒரு கடிதம் எழுதினேன். அதிலிருந்து "உங்கள் இதழை விரும்பிப் படிக்கிறேன்" என்ற வரியை மட்டும் எடுத்துப் போட்டீர்கள். மிக்க நன்றி.

இந்தமுறை கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்திலேயே "மூளை வளர்ச்சிக்கு ஸ்டெம் செல் ஊசி" என்று முழுப்பக்க விளம்பரம். சில குழந்தைகளுக்கு ஸ்டெம் செல்லில்தான் கோளாறு என்பதைக் கட்டுரையில் சொல்ல இடமில்லை, ஸ்டெம் செல்லை விற்க இடமிருக்கிறது. எலிகளில் ஆராய்ச்சி நடக்கிறது, உண்மை. இந்த நோயுள்ள மனிதக் குழந்தைக்குப் பலன் தரும் என்று நிரூபிக்கப்பட்ட ஸ்டெம் செல் ஊசி எதுவும் இல்லை. விளம்பரத்துக்கு ஆசிரியர் பொறுப்பல்ல என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருப்பதையும் பார்த்தேன். சரி.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அலட்சியம் பற்றிய அந்த வரி தவறு என்று, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். ஷன்ட் பழுதானால் தெரியும் அறிகுறிகளையும் அதோடு சேர்த்துப் போட்டால் யாருக்காவது உதவும். கடிதத்தைச் சுருக்கத்தான் போகிறீர்கள். எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், இந்தப் பத்தியை விட்டுவையுங்கள். மகன் உங்கள் இதழைப் படிக்கிறவன், அதனால் என் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி