டீம் லீட் ஆன மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மா,

நீ அனுப்பிய பயிற்சி வகுப்பு விளம்பரத்தை முழுவதும் படித்துப் பார்த்தேன். மூளை அறிவியல் வழியில் தலைமைப் பண்பு என்று தலைப்பு, பக்கத்துக்குப் பக்கம் மூளைப் படம். வார்டில் நர்ஸாக இருந்து, பிறகு நர்ஸிங் மாணவிகளுக்கு உடலியங்கியல் சொல்லிக்கொடுத்த அம்மா இதைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று கேட்டிருக்கிறாய். போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் உனக்கு வேறு அழைப்பு வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த வகுப்பில் சேர வேண்டாம். ஊழியர்களை 'இடது மூளைக்காரர், வலது மூளைக்காரர்' என்று பிரிக்க ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள் பார், அது ஒன்றே போதும். மொழி சார்ந்த வேலை பெரும்பாலானவர்களுக்கு இடது பக்கம்தான் அதிகம் நடக்கிறது, உண்மை. அதற்காக ஒரு ஆள் முழுக்க இடது, இன்னொரு ஆள் முழுக்க வலது என்று சொல்ல எந்த ஆதாரமும் கிடையாது. மூளை என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் எந்த விளக்கத்துக்கும் ஒரு கனம் வந்துவிடுகிறது. 2008இல் டீனா வைஸ்பெர்க் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் இதையே சோதித்தார்கள். உப்புச்சப்பில்லாத ஒரு விளக்கத்தில் சம்பந்தமே இல்லாமல் மூளை பற்றி ஒரு வரியைச் சேர்த்துக் கொடுத்தார்கள். பொதுமக்கள் மட்டும் இல்லை, மூளை அறிவியல் பாடம் எடுத்துப் படித்துக்கொண்டிருந்த மாணவர்களும் அந்த விளக்கத்துக்குக் கூடுதல் மதிப்பெண் போட்டார்கள். துறை வல்லுநர்கள்தான் ஏமாறவில்லை.

ஆனால் மூளை ஆய்வில் உனக்கு உதவுகிற விஷயமே இல்லை என்று நினைத்துவிடாதே. போன வாரம் நீ வருத்தப்பட்டாயே, 'யாரும் தானாக எதையும் எடுத்துச் செய்வதில்லை, சின்ன முடிவுக்குக்கூட என் மேஜைக்கு வந்து நிற்கிறார்கள்' என்று. அதற்கு நேரான ஒன்று இருக்கிறது.

மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இரண்டு பேரும் 1967இல் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். கேட்கவே கஷ்டமான சோதனைதான். ஒரு பிரிவு நாய்களுக்கு மின் அதிர்ச்சி வரும்போது, தலையால் ஒரு பலகையை அழுத்தினால் அது நின்றுவிடும். இன்னொரு பிரிவுக்கும் அதே அளவு அதிர்ச்சி, அதே நேரம். ஆனால் அவை என்ன செய்தாலும் நிற்காது. அப்புறம் எல்லாவற்றையும், ஒரு தடுப்பைத் தாண்டினால் தப்பிக்கலாம் என்ற பெட்டியில் விட்டார்கள். முதல் பிரிவு தாண்டியது. இரண்டாம் பிரிவில் பெரும்பாலானவை முயற்சிகூடச் செய்யாமல் படுத்துக்கொண்டன. எதுவும் நம் கையில் இல்லை என்று அவை கற்றுக்கொண்டுவிட்டன என்று இருவரும் சொன்னார்கள். 'கற்றுக்கொண்ட கையறுநிலை' என்று பாடப்புத்தகங்களில் ஏறியது. நானும் அப்படித்தான் படித்தேன், அப்படித்தான் பாடம் நடத்தினேன்.

மேயர் பிறகு மூளை ஆய்வுப் பக்கம் போனார். எலிகளை வைத்துப் பல வருஷம் வேலை செய்தார். 2016இல் அதே இரண்டு பேரும் சேர்ந்து, நாங்கள் சொன்னது தலைகீழ் என்று எழுதினார்கள். எனக்கு அவர்கள் மேல் இருக்கும் மரியாதைக்கு இது ஒரு பெரிய காரணம். நீண்ட நேரம் துன்பம் தொடர்ந்தால் முடங்கிப்போவது மூளையின் இயல்பான பதில், அதை யாரும் கற்க வேண்டியதில்லை. மூளைத்தண்டில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் ஒரு சின்னப் பகுதி அதைக் கிளப்பிவிடுகிறது. கற்றுக்கொள்ளப்படுவது அடுத்தது: 'நான் செய்வதால் இங்கே ஏதோ மாறுகிறது' என்பது. அதைக் கண்டுபிடிக்கிற வேலை மூளையின் முன்பகுதிக்கு. அங்கே அது தெரிந்ததும், கீழே கிளம்பிய முடக்கத்தை அது அடக்கிவிடுகிறது. இன்னும் ஒன்று: இப்படி ஒரு தடவை கட்டுப்பாடு கையில் இருந்த எலிகள், பிறகு கட்டுப்படுத்தவே முடியாத அதிர்ச்சி வந்தபோதும் மற்றவை போல முடங்கவில்லை.

எலியில் கண்டதை அப்படியே அலுவலகத்துக்குத் தூக்கி வர முடியாது, சரி. ஆனாலும் உன் டீமை இதோடு சேர்த்துப் பார். உனக்கு முன்னால் இருந்த மேலாளர் எல்லாவற்றையும் தானே முடிவு செய்தார் என்று நீயே சொன்னாய். யார் எழுதிய அறிக்கையானாலும் கடைசியில் அவர் மாற்றி எழுதுவார். அந்தச் சூழலில் இருந்தவர்கள் உன்னிடம் வந்து நிற்பதைச் சோம்பேறித்தனம் என்று நீ சொன்னபோது எனக்கு ஒப்பவில்லை. தாங்கள் எடுத்த முடிவு நின்றது என்பதை அவர்கள் இன்னும் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. 'பொறுப்பு எடுத்துக்கொள்ளுங்கள்' என்று மீட்டிங்கில் பேசினால் அது வராது. ஒரு முடிவு அவர்களிடம் போக வேண்டும், அது நிற்க வேண்டும், அவர்கள் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

நான் வேலை பார்த்த ஒரு வார்டில் டியூட்டி பட்டியலை முதல் நாள் சாயங்காலம்தான் சுவரில் ஒட்டுவார்கள். நைட் டியூட்டியா, காலை டியூட்டியா என்று அதுவரை யாருக்கும் தெரியாது. பட்டியல் முன்னால் ஒரு கூட்டம், புலம்பல், ஒருவர் மாற்றி இன்னொருவர் லீவு. அப்புறம் புதிதாக வந்த பொறுப்பு ஸிஸ்டர் ஒரு வேலை செய்தார். வெற்றுப் பட்டியலை மேஜையில் வைத்து, 'இத்தனை பேர் இரவில் இருக்க வேண்டும், புதியவர்கள் இரண்டு பேர் சேர்ந்து வரக் கூடாது. இந்த இரண்டையும் மீறாமல் நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நைட் டியூட்டி குறையவில்லை. சம்பளம் கூடவில்லை. ஆனால் கொஞ்ச நாளில் மருந்து அலமாரியை எப்படி அடுக்குவது என்பது வரை நாங்களே யோசிக்க ஆரம்பித்துவிட்டோம். அவர் ஒருநாளும் எங்களுக்கு ஊக்கப் பேச்சு கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. எல்லை எது என்று தெளிவாகச் சொன்னார், எல்லைக்குள் தலையிடவே இல்லை. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அது நடந்திருக்காது.

எல்லையைத் தெளிவாகச் சொல்வது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கும் ஒரு ஆய்வு இருக்கிறது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் 45 பேரைக் கணினியில் ஒரு விளையாட்டு ஆட வைத்தார்கள். கல்லுக்கு அடியில் பாம்பு இருக்கிறதா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் சுருக்கென்று ஒரு ஷாக். 2016இல் வெளியானது. ஷாக் நிச்சயம் வரும் என்று தெரிந்த நேரத்தைவிட, வரலாம் வராமலும் போகலாம் என்று பாதிக்குப் பாதி இருந்த நேரத்தில்தான் வியர்வையும் கண்மணி விரிவதும் உச்சத்தில் இருந்தன. கெட்ட செய்தியைவிட, தெரியாமல் காத்திருப்பது உடம்பை அதிகம் படுத்துகிறது.

இதை வைத்து உன் மெசேஜ்களை ஒரு தடவை பார். வெள்ளிக்கிழமை சாயங்காலம், 'திங்கள் காலை கொஞ்சம் பேச வேண்டும்.' அவ்வளவுதான் எழுதியிருப்பாய், நீ கேட்க நினைத்தது ஒரு தேதி மாற்றமாக இருக்கும். வாங்கியவர் இரண்டு நாள் தூங்கியிருக்க மாட்டார். 'திங்கள் காலை பேசலாம், தேதி மாற்றம் பற்றி, கவலைப்பட ஒன்றும் இல்லை' என்று இன்னும் சில சொற்கள் சேர்க்க எவ்வளவு நேரம் ஆகும்? கெட்ட செய்தியானாலும் இப்படித்தான். மேலிடத்தில் ஆள் குறைப்பு பற்றிப் பேச்சு அடிபட்டால், உனக்குத் தெரிந்தது எது, தெரியாதது எது, அடுத்து எப்போது சொல்வாய் என்று சொல்லிவிடு. அந்தத் தேதியில் புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும் போய் நின்று, 'புதிதாக ஒன்றும் இல்லை' என்று சொல்.

இதில் கருணை மட்டும் இல்லை, வேலையும் இருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன் பல வருஷமாகக் காட்டிவருவது இது: நம் கட்டுப்பாட்டில் இல்லாத மன அழுத்தம் வந்தால், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் ப்ரீஃப்ரண்டல் பகுதியில் டோபமைன், நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள்கள் அளவுக்கு மீறிப் போய், அங்கே நரம்புகளுக்கு இடையிலான தொடர்பு தளர்ந்துவிடுகிறது. திட்டமிடுவது, இரண்டு விஷயத்தை மனதில் வைத்து ஒப்பிடுவது, வாயில் வந்ததை அடக்குவது எல்லாம் அந்தப் பகுதியின் வேலை. அது தளர்ந்தால் பழக்கமும் பயமும் ஆட்சிக்கு வந்துவிடும். பயமுறுத்தினால் கைகள் வேகமாக ஓடலாம். பழகிய வேலை ஒருவேளை முடியலாம். புதிதாக யோசிக்க வேண்டிய வேலை உன்னுடையது, அது முடியாது.

தவறைச் சொல்ல வருகிறவரை எப்படி வரவேற்கிறாய் என்பதையும் கவனி. ஏமி எட்மண்ட்சன் என்பவர் மருத்துவமனை வார்டுகளை ஆராய்ந்து 1996இல் வெளியிட்டார். நல்ல தலைமை இருந்த குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. முதலில் அவருக்கே புரியவில்லை. அந்தக் குழுக்களில் தவறைப் பேசப் பயம் இல்லை, அதனால் வெளியே வந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. நர்ஸாக இருந்த எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. மருந்து மாறிப்போனதை உடனே சொன்னால் நோயாளியைக் காப்பாற்றலாம். மறைத்தால்தான் ஆபத்து. உன் டீமில் ஒருவர், 'நான் தப்பு செய்துவிட்டேன்' என்று வந்து நின்றால், முதல் சில விநாடி உன் முகத்தில் என்ன தெரிகிறதோ அதை வைத்துத்தான் மற்றவர்கள் அடுத்த தடவை முடிவு செய்வார்கள்.

ஃபீட்பேக் பற்றி அந்த விளம்பரம் நிறையப் பேசுகிறது, அடிக்கடி கொடுங்கள் என்று. க்ளூகர், டினீசி என்ற இருவர் 1996இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான இடங்களில் ஃபீட்பேக்குக்குப் பிறகு வேலை மோசமாகியிருந்தது. அவர்கள் சொன்ன காரணம், பேச்சு வேலையிலிருந்து நழுவி ஆளின் மேல் போய்விடுவது. 'உனக்குக் கவனமே இல்லை' என்றால் அவர் தன்னைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுவார். 'மூன்றாவது பக்கத்தில் இந்தக் கணக்கு பொருந்தவில்லை' என்றால் கணக்கைப் பார்ப்பார்.

வாக்குறுதி விஷயத்திலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற மூளை ஆய்வாளர் குரங்குகளின் மூளையில் டோபமைன் சுரக்கும் நரம்புகளைப் பதிவு செய்தபோது, பழச்சாறு வரும் என்று விளக்கு சொன்ன நொடியிலேயே அவை துடித்தன. எதிர்பார்த்த சாறு வராதபோது வழக்கமான நிலைக்கும் கீழே இறங்கின. அதனால் உன் கையில் இல்லாத சம்பள உயர்வை, உற்சாகப்படுத்துவதற்காகச் சொல்லி வைக்காதே.

ஒதுக்கப்பட்டால் மூளைக்கு அது அடி வாங்கியது மாதிரியே என்று விளம்பரத்தில் ஒரு வரி இருக்கிறது. 2003இல் நேயோமி ஐசன்பெர்கர் குழு, பந்து விளையாட்டில் ஒருவரை ஒதுக்கி வைத்து மூளையைப் படம் பிடித்தபோது, உடல் வலியிலும் வேலை செய்கிற ஒரு பகுதி அதில் தூண்டப்பட்டது என்று சொன்னார்கள். 2014இல் இன்னும் நுட்பமாகப் பார்த்தவர்கள் ஒதுக்கப்படும்போதும் உடல் வலியிலும் மூளை இயங்கும் விதம் வேறு வேறு என்று காட்டினார்கள். ஆக அந்த வரி மிகைதான். ஒதுக்கப்பட்டவர் வருந்துவார் என்று தெரிந்துகொள்ள உனக்கு ஸ்கேன் வேண்டாம் கண்ணு.

அப்புறம் உன் தூக்கம். இதை அம்மாவாகவும் சொல்கிறேன், ஆசிரியராகவும் சொல்கிறேன். 2003இல் ஹான்ஸ் வான் டோங்கன் குழு, சிலரை 14 நாள் தொடர்ந்து இரவுக்கு 6 மணி நேரம் மட்டும் படுக்க விட்டது. கடைசியில் அவர்களுடைய கவனம் முழு இரவு விழித்திருந்தவர்களின் நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் அவர்களைக் கேட்டால், கொஞ்சம்தான் தூக்கம் வருகிறது என்றார்கள். நீ போனில் 'பழகிவிட்டது அம்மா' என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது. நடு இரவில் நீ அனுப்பும் மெசேஜ் டீமின் தூக்கத்தையும் கெடுக்கும். எழுதத் தோன்றினால் எழுதி வைத்துக்கொள், காலையில் அனுப்பு.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்யப் போகாதே. வேலையைப் பிரித்துக் கொடுக்கிறாயே, அந்த ஒன்றை மட்டும் இந்த மாதம் அவர்களிடம் விட்டுப் பார். எந்தத் தேதிக்குள், எந்தத் தரத்தில் என்பதை மட்டும் நீ எழுதிக் கொடு. அவர்கள் போடும் பட்டியல் நீ போட்டிருப்பதைவிடச் சுமாராக இருந்தாலும், எல்லை மீறாதவரை கை வைக்காதே. மீட்டிங்கில் வாயே திறக்காத ஒருவரைப் பற்றிச் சொன்னாயே, அவர் எந்த வேலையை எடுத்துக்கொள்கிறார் என்று பார்த்து எனக்கு எழுது.

அப்பா விசாரித்ததாகச் சொன்னார்.

அன்புடன்,
அம்மா