கப்பல் நிற்கும் ஊரில் இறங்கி நடக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் சொகுசுக் கப்பல் சுற்றுலா பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கப்பலுக்குள் என்ன சாப்பாடு, இரவில் என்ன ஆட்டம் என்று பக்கம் பக்கமாக எழுதியவர், கப்பல் நிற்கும் ஊர்களை ஒரே வரியில் முடித்துவிட்டார். வயதானவர்கள் கப்பல்காரர்களின் டூரில் போவது நல்லது, இல்லாவிட்டால் கேபினிலேயே ஓய்வெடுக்கலாம் என்கிறார். இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கடலைப் பார்த்துப் படுத்திருக்கவா கடன்பட்டுக் கப்பலேறுகிறோம்?

நான் கோத்தகிரிக்காரன். அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். அதனால் நானும் மனைவியும் அங்கிருந்து மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் பக்கமெல்லாம் கப்பலில் போய் வந்திருக்கிறோம். எங்கள் ஆங்கிலம் அரைகுறைதான். இருந்தும் பல துறைமுகங்களில் நாங்களே இறங்கிச் சுற்றிவிட்டு நேரத்துக்குத் திரும்பியிருக்கிறோம். டூர் வாங்கிய இடமும் உண்டு. எங்கே தனியாகப் போவது, எங்கே டூர் வாங்குவது என்று முடிவு செய்ய எங்களுக்கு ஒரே கேள்விதான்: கப்பல் வந்து நிற்கிற இடத்திலிருந்து ஊர் எவ்வளவு தூரம்?

பினாங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் பியர் என்ற துறைமேடை, பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனின் வாசற்படியிலேயே இருக்கிறது. வெளியே வந்தால் விக்டோரியா மகாராணி நினைவு மணிக்கூண்டு, பக்கத்திலேயே கார்ன்வாலிஸ் கோட்டை. அங்கிருந்து மெதுவாக நடந்தாலும் கால் மணி நேரத்துக்குள் லிட்டில் இந்தியா வந்துவிடும். பூக்கடையில் தமிழ், துணிக்கடையில் தமிழ். குயீன் தெருவில் 1833-ல் எழுந்த மகாமாரியம்மன் கோயில். இன்னும் கொஞ்சம் நடந்தால் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்கா. கால் வலித்தால் ஊருக்குள் சுற்றிவரும் இலவசப் பேருந்து இருக்கிறது. வாசலில் நின்ற ஒரு வேன்காரர் இதே இடங்களைக் காட்ட எங்களிடம் கேட்ட தொகையை இங்கே எழுதினால், ஏதோ அச்சுப்பிழை என்று நீங்களே ஒரு சைபரை வெட்டிவிடுவீர்கள். மனைவி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தாள். நானும் பின்னாலேயே நடந்தேன்.

பினாங்கு மலைக்கு 204-ம் எண் பேருந்து போகிறது. மேலே ஏற வடம் இழுக்கும் ரயில். நூறு வருடமாக ஓடுகிறது. நம் குன்னூர் ரயில் பல்சக்கரத்தில் தொற்றி ஏறுவது, அது கம்பிவடத்தில் ஏறுவது. ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் விடுமுறை நாளில் வரிசை நீளும் என்று கேள்விப்பட்டு விட்டுவிட்டோம். மலையிலிருந்து போய் மலையைப் பார்ப்பானேன் என்று மனைவி சொன்னதிலும் நியாயம் இருந்தது.

சிங்கப்பூரில் இன்னும் சுலபம். ஹார்பர்ஃபிரண்ட் முனையத்தில் கப்பல் நின்றால் ரயில் நிலையம் ஒட்டியே இருக்கிறது. வண்டி மாறாமல் அங்குள்ள லிட்டில் இந்தியாவில் போய் இறங்கலாம். மரினா பே முனையம் என்றால் மரினா சவுத் பியர் நிலையத்தில் ஏறி, தோபி காட்டில் ஒரு முறை மாற வேண்டும். அவ்வளவுதான்.

இனி எதிர்ப்பக்கம். கப்பல் விளம்பரத்தில் 'கோலாலம்பூர்' என்று போட்டிருக்கும். கப்பல் நிற்பதோ போர்ட் கிள்ளானில், அதுவும் பூலாவ் இண்டா என்ற தீவில். அங்கிருந்து வண்டி பிடித்துக் கிள்ளானுக்கு வந்து, ரயிலேறி கோலாலம்பூர் போய், பத்துமலைப் படியும் ஏறித் திரும்ப நினைத்தால் நாள் போதாது. 'பாங்காக்' என்று போட்டிருந்தால் கப்பல் பெரும்பாலும் லாம் சபாங்கில் நிற்கும். பாங்காக் அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். இந்த மாதிரி ஊர்களில் நான் மறுபேச்சில்லாமல் கப்பல்காரர்களின் டூரை வாங்கிவிடுவேன். விலை கூடுதல்தான். ஆனால் அவர்களுடைய பஸ் தாமதமானால் கப்பல் அதற்காக நிற்கும். நாமே அமர்த்திய டாக்சி தாமதமானால் நிற்காது. அந்தக் கூடுதல் காசு இதற்குத்தான்.

நிற்காது என்பது சும்மா மிரட்டல் இல்லை. 2024 மார்ச்சில் ஆப்பிரிக்காவின் சாவோ தோமே தீவில் தனி டூர் போன எட்டுப் பேர் நேரத்துக்கு வராததால், அவர்களை விட்டுவிட்டுக் கப்பல் கிளம்பியது. பல நாள் அலைந்து செனகல் நாட்டின் டக்கார் துறைமுகத்தில்தான் அவர்கள் அதே கப்பலைப் பிடித்தார்கள். எங்கள் மலையில் கடைசி பஸ்ஸை விட்டால் யார் வீட்டுத் திண்ணையிலாவது படுத்துக்கொள்ளலாம். கப்பலை விட்டால் அடுத்த நாட்டுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். அதனால் 'ஏற வேண்டிய கடைசி நேரம்' என்று கப்பலில் அறிவிப்பார்களே, அதற்கு ஒரு மணி நேரம் முன்பே நாங்கள் வாசலில் நிற்போம். மணி விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. தாய்லாந்து நேரம் மலேசிய நேரத்தைவிட ஒரு மணி பின்னால். கைப்பேசி தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிக்கொள்ளும், கப்பலோ தன் நேரத்திலேயே இருக்கலாம். ஏறியதுமே பழைய கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்துவிட்டு, இறங்கும்வரை அதைத் தொடாமல் இருப்பது என் வழக்கம்.

புக்கெட்டில் பத்தோங் கடற்கரைப் பக்கம் நின்றால் கப்பல் கரைக்கு வராது. சிறு படகில் ஏற்றிக் கொண்டுபோய் விடுவார்கள். டூர் வாங்கியவர்களுக்கு முதல் படகு, நமக்கு டோக்கன். அதில் ஒரு மணி நேரம் போனாலும் போய்விடும். திரும்பும்போதும் வரிசை இருக்கும். இதையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

இப்போது நம் மாவட்டத்துக்கு வருகிறேன். 2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கைக்குச் சொகுசுக் கப்பல் விட்டபோது கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கம் பலரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். 1964 சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் இங்கே ஏராளம். அவர்களுக்கு வேலை கொடுக்கவே 1968-ல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கினார்கள். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி வந்தவர்களின் பிள்ளைகள், "அண்ணா, இந்தக் கப்பலில் போனால் அப்பா வேலை செய்த தோட்டத்தைப் பார்த்துவிட்டு வரலாமா?" என்றார்கள். கேட்கும்போதே மனது இளகிவிடும். ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும்: முடியாது.

அந்தக் கப்பல் நின்ற இடங்கள் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. திருகோணமலையிலிருந்து தேயிலை மலை ஊர்களான அட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ போவதற்கே பகல் முழுக்க ஓடிவிடும். அம்பாந்தோட்டையிலிருந்து வெல்லவாய வழியாக இன்னொரு மலையூரான பண்டாரவளை பக்கம்தானே என்று வரைபடம் ஆசை காட்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர்தான். வளைவில் ஒரு லாரி நின்றுவிட்டால் எத்தனை மணிக்கு மேலே வருவோம் என்று இங்கே எவருக்காவது சொல்ல முடியுமா? மலைப்பாதையை நம்பிக் கப்பல் நேரத்தைப் பந்தயம் வைக்கக் கூடாது. தோட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் விமானத்தில் கொழும்பு போய், ரயிலில் அட்டன் ஏறி, இரண்டு நாளாவது தங்குங்கள்.

கப்பலில் போனால் கரையோரத்தைப் பாருங்கள். திருகோணமலையில் துறைமுகத்துக்குள் நடக்க விடமாட்டார்கள், வாசல்வரை வண்டி விடுவார்கள். வெளியே ஆட்டோ பேசிக்கொண்டால் கோணேசர் கோயில் பக்கம்தான். கோயிலுக்குப் போகும் வழியில் உள்ள பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் மாடுபோலச் சாவகாசமாக மேய்கின்றன. காங்கேசன்துறையில் கீரிமலைக் கேணியும் நகுலேஸ்வரமும், மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலும் கிட்டத்தில் இருக்கின்றன. நல்லூர் என்றால் யாழ்ப்பாணம்வரை போக வேண்டும். ஒன்றை மறக்க வேண்டாம்: மதியம் நடை சாத்திவிடுவார்கள். கப்பலில் ஆற அமரச் சாப்பிட்டுவிட்டு, பாஸ்போர்ட் சோதனை வரிசையிலும் நின்று வெளியே வந்தால் பூட்டிய கதவைத்தான் கும்பிட வேண்டியிருக்கும். யாழ்ப்பாணம் மட்டும் போதும் என்பவர்களுக்கு நாகப்பட்டினத்திலிருந்து 2023 அக்டோபரில் தொடங்கிய பயணிகள் கப்பல் இருக்கிறது. கடல் சரியில்லாத மாதங்களில் நிறுத்திவிடுவார்கள், விசாரித்துக்கொண்டு கிளம்பவும்.

அப்புறம் கைப்பேசி. நடுக்கடலில் கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைப் பிடித்துக்கொண்டால் பில் எகிறிவிடும். துறைமுகம் வரும்வரை பிளேன் மோடில் போட்டுவிடுங்கள்.

ஆசிரியர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கப்பல் பயணக் கட்டுரை போடும்போது, ஒவ்வொரு ஊருக்கும் கப்பல் எந்த முனையத்தில் நிற்கும், அங்கிருந்து ஊர் எவ்வளவு தூரம், பஸ்ஸோ ரயிலோ உண்டா, எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதையும் ஒரு கட்டம் கட்டிப் போடுங்கள். கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டால் எங்கள் வயதுக்காரர்கள் அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துப் பையில் வைத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்