வைட்டமின் கையேட்டுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை பெற்றவர்களுக்கான வைட்டமின் கையேடு வார்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதில் யாருடைய உழைப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லியே நன்றி சொல்கிறோம்.

முதலில் லேப் நண்பர்கள். வைட்டமின் ஏ பார்க்க எடுத்த ரத்த மாதிரி உள்ள குழாயை அலுமினியத் தாளில் சுற்றி அனுப்ப வேண்டும், வெளிச்சம் பட்டால் அளவு பொய்யாகக் குறையும் என்று விடாமல் வலியுறுத்தினீர்கள். காய்ச்சலும் சிஆர்பியும் (உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தப் புரதம்) ஏறியிருக்கும் நாளிலும் அந்த அளவு இறங்கித்தான் வரும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கோ ஏறி நிற்கும். இதைப் பார்க்காமல் மாத்திரை எழுதுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அந்தப் பக்கம் முழுக்க உங்களுடையது.

உணவியல் நிபுணர்களே, ஏ, டி, இ, கே நான்கும் கொழுப்போடுதான் உடலில் சேரும் என்பதைச் சமையலறை மொழியில் எழுதித் தந்தீர்கள். குடலில் ஜிவிஎச்டி (கொடையாளரின் செல்கள் பெற்றவர் உடலையே தாக்கும் நோய்) வந்து வயிற்றுப்போக்கு தொடர்ந்தால் இந்த நான்கும் கொழுப்போடு சேர்ந்தே வெளியேறும். டி மாத்திரையை வெறும் வயிற்றில் போடாமல், எண்ணெயோ நெய்யோ சேர்ந்த சாப்பாட்டோடு போடச் சொன்னதும் நீங்களே. ரத்தத்தில் டி ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே போனால் குறைபாடு. ஆனால் இவர்களை வெயிலில் நிற்கச் சொல்ல முடியாது. வெயில் தோல் ஜிவிஎச்டியைக் கிளப்பிவிடும். ஸ்டீராய்டு வேறு எலும்பை அரிக்கும். அதனால் சிகிச்சைக்கு முன்பே ஒருமுறை அளவு பார்த்துவிடுவது நல்லது.

மருந்தாளுநர்களுக்கு: ரத்த நாளம் வழியே ஏற்றும் ஊட்டப் பையில் தயமின் (வைட்டமின் பி1) விட்டுப்போனால், குளுக்கோஸ் ஏற ஏற ரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேரும் என்ற எச்சரிக்கையைப் பெரிய எழுத்தில் போட வைத்ததற்கு நன்றி.

நாங்கள் நேரில் காணாத சிலருக்கும் கடன்பட்டிருக்கிறோம். அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில், மாற்று சிகிச்சைக்கு முன் ஒரே ஒரு பெரிய வேளை வைட்டமின் ஏ கொடுத்துப் பார்த்த ஆய்வில் 80 பேர் சேர்ந்தார்கள். வைட்டமின் பெற்றவர்களிடம் குடல் ஜிவிஎச்டி குறைவாகத் தெரிந்தது. முடிவாகச் சொல்ல அந்த எண்ணிக்கை போதாது. அதை வீட்டில் முயலவே கூடாது. ஏ மிகுந்தால் கல்லீரல் கெடும், மூளையைச் சுற்றி அழுத்தம் ஏறித் தலைவலியும் வாந்தியும் வரும்.

கடைசியாக, வீட்டிலிருந்த டானிக், சத்துமாத்திரை எல்லாவற்றையும் பையோடு கொண்டுவந்து மேசையில் கொட்டிய அம்மாக்களுக்கு. பல முறை ரத்தம் ஏற்றிய உடம்பில் இரும்பு ஏற்கெனவே தேங்கியிருக்கும். அந்தக் குப்பிகளில் எதெதில் இரும்பு இருக்கிறது என்று லேபிளைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் கையேட்டின் முதல் பக்கத்துக்கு வந்தது உங்களால்தான்.

நன்றியுடன்,
கையேட்டுக் குழு