எஸ்எம்பிலோரிஸுக்கு பேட்ச் குடுங்க: மைக்ரோசாஃப்ட் செக்யூரிட்டி டீமுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

2017 ஜூலை கடைசில டெஃப்கான் ஹேக்கர் மாநாட்டுல ரிஸ்க்சென்ஸ்ங்கற செக்யூரிட்டி கம்பெனி ஆளுங்க, விண்டோஸ்ல ஃபைல் ஷேர் பண்ற எஸ்எம்பில இருக்கற, சர்வரையே முடக்கற எஸ்எம்பிலோரிஸ்ங்கற ஓட்டை பத்தி சொன்னதையும் அதுக்கு நீங்க குடுத்த பதிலையும் படிச்சேன். ஜூன்லயே உங்ககிட்ட ரிப்போர்ட் பண்ணிட்டாங்க, நீங்க பெரிய பாதிப்பு இல்ல, அப்டேட் விடப்போறதில்லன்னுட்டீங்க. தயவுசெஞ்சு அந்த முடிவை மாத்துங்க, பேட்ச் குடுங்க.

உங்களுக்குத் தெரியாதது இல்ல. எஸ்எம்பிக்கான 445 போர்ட்டுக்கு ஒரு கனெக்‌ஷன், நாலு பைட் ஹெடர், அவ்ளோதான், யூசர்நேம் பாஸ்வேர்ட் கேக்கறதுக்கு முன்னாடியே விண்டோஸோட மையப்பகுதியான கெர்னல் 128 கேபி வரைக்கும் மெமரிய ஒதுக்கி 30 செகண்ட் பிடிச்சு வச்சுக்குது, பந்தியில வராத ஆளுக்கு இலை போட்டு வைக்கற மாதிரி. ஒரே மெஷினோட 65,535 போர்ட்லேருந்தும் இதையே பண்ணா 8 ஜிபி, ஐபிவி6 சேர்த்தா 16. டிஸ்க்குக்கு தள்ளி விடவும் முடியாத நான்-பேஜ்டு பூல் அது. ஒரு குட்டி ராஸ்பெரி பை கம்ப்யூட்டரும் 20 வரி பைத்தான் கோடும் போதும்னு கண்டுபிடிச்சவங்களே சொல்றாங்க.

இது நடந்தா அட்மின் நிலைமைய கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ப்ளூ ஸ்க்ரீன் வந்தாலாவது என்ன ஆச்சுன்னு பாக்க டம்ப் ஃபைல் இருக்கும், இதுல அதுவும் வராது, சர்வர் அப்படியே உறைஞ்சு நிக்கும், மவுஸ் கூட நகராது, பவர் பட்டனை அழுத்திப் பிடிக்கறதை தவிர வழியில்ல. ஷேர்ல டேலி டேட்டாவ திறந்து வச்சு ஜிஎஸ்டி என்ட்ரி போட்டுட்டு இருக்கற ஆபீஸ்ல அப்படி அணைச்சா ஃபைல் என்ன ஆகும்? திரும்ப வந்ததும் ஈவென்ட் லாக்ல கெர்னல்-பவர் 41, சரியா ஷட்டவுன் ஆகலன்னு ஒரு வரி. யார் பண்ணாங்க, எந்த ஐபி, ஒண்ணும் இருக்காது. முதலாளி ஏன் நின்னுச்சுன்னு கேப்பாரு, அந்தப் பையன் என்ன பதில் சொல்லுவான்?

இன்டர்நெட்லேருந்து பழைய வெர்ஷனான எஸ்எம்பி 1-ஐ பிளாக் பண்ணுங்கன்னு சொன்னீங்க. எந்த எஸ்எம்பி வெர்ஷன்னு ரெண்டு பக்கமும் பேசறதுக்கு முன்னாடியே மெமரி போயிடுது, எஸ்எம்பி 1-ஐ ஆஃப் பண்ணி என்ன பிரயோஜனம்? வைரஸ் ஏறின ஒரு லேப்டாப் ஆபீஸ் உள்ளயே இருந்தா? ஃபைல் சர்வர்ல சொந்த ஸ்டாஃபுக்கே 445-ஐ மூடவா முடியும்? லினக்ஸ்ல எஸ்எம்பி வேலைய பாக்கற இலவச சாம்பால "மேக்ஸ் எஸ்எம்பிடி ப்ராசஸஸ்"னு ஒரு வரி போட்டா ஒரு லிமிட் வந்துடுது, காசு குடுத்து லைசென்ஸ் வாங்கின சர்வர்ல அந்த வரிய எங்க போடறது?

கோவம் சும்மா வரல. 2009-ல விஸ்டாவோட எஸ்எம்பி 2-க்கு, 2017 பிப்ரவரில எஸ்எம்பி 3-க்குன்னு எக்ஸ்ப்ளாய்ட், அதாவது ஓட்டைல புகுந்து தாக்கற கோடு, வெளிய வந்தாச்சு, அந்த மாச அப்டேட்டையே நீங்க தள்ளிப் போட்டீங்க, மார்ச் 14 வரைக்கும் நாங்க காத்துட்டு இருந்தோம். ஆனா அதே வருஷம் மே மாசம் வானாக்ரை ரான்சம்வேர் வந்தப்போ, 2014-லயே சப்போர்ட் முடிஞ்ச விண்டோஸ் எக்ஸ்பிக்கு கூட பேட்ச் குடுத்தீங்க, அதுக்கு மனசார நன்றி. மனசு வச்சா உங்களால முடியும்னு அப்போ பாத்தோம்.

அதனால பணிவா கேக்கறேன். லாகின் ஆகாத கனெக்‌ஷனுக்கு ஐபிக்கு இவ்ளோதான்னு ஒரு லிமிட் வைங்க, அந்த 30 செகண்டைக் குறைங்க, லாக்ல அந்த ஐபிய எழுதுங்க. பேட்ச் குடுங்க. உடனே முடியாதுன்னா எந்த வெர்ஷன்ல சரி பண்ணுவீங்கன்னாவது சொல்லுங்க.

நன்றியுடன்,
ஃபைல் சர்வர் பாத்துக்கற ஒரு சிஸ்டம் அட்மின்