யானைக்குள் ஒரு வாத்து

அன்புள்ள நண்பா,

ஐந்து மாதமாகப் பதில் போடாதவன் இப்போது இவ்வளவு நீளமாக எழுதுகிறானே என்று நீ முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் அறுவை முடிந்துவிட்டது. என்னைவிட நன்றாகப் பார்க்கிறாள். சின்னவள் பள்ளி மாறிவிட்டாள். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நீ சொன்னதுதான் சரி: ஒரே உண்மையை இரண்டு இடத்தில் வைக்கக் கூடாது, எழுதும் தரவுத்தளத்திலேயே அலசியும் பார்க்கலாம். இந்த வரியைக் கத்தரித்துச் சட்டம் போட்டு மாட்டிக்கொள், இன்னொரு முறை கிடைக்காது.

போன மாத ஆய்வுக் கூட்டத்தில் கண்ணாடிக்காரர் இரண்டு தாள்களை மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரே மாதம், ஒரே விற்பனை, இரண்டு கூட்டுத்தொகை. ஒன்று முதன்மைத் தரவுத்தளத்தின் கணக்கு. மற்றது நான் ஆறு வருடமாக ராத்திரிதோறும் நகலெடுத்து நிரப்பும், அலசிப் பார்ப்பதற்கான தரவுக் கிடங்கின் கணக்கு. "இதில் எது நிஜம்?" என்றார். குரலை உயர்த்தக்கூட இல்லை. தேடிப் பார்த்தால், யாரோ ஒரு நெடுவரிசையின் தரவு வகையை மாற்றியிருக்கிறார்கள். என் நகல் நிரல் பொருந்தாத வரிசைகளைச் சத்தமில்லாமல் உதறிவிட்டு, கீழே "வெற்றி" என்று எழுதி வைத்திருக்கிறது. பதினேழு நாள் இப்படி. யாரோ என்ன யாரோ, மாற்றியதும் நான்தான்.

அன்றாடம் எழுதும் இடமும் அலசிப் பார்க்கும் இடமும் ஒன்றாக இருக்கவே கூடாது என்று உன்னிடம் எத்தனை ராத்திரி சண்டை போட்டிருக்கிறேன்! மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் தரவுத்தளத்தில் 2012இல், அலசலை வேகமாக்க நெடுவரிசை இன்டெக்ஸ் வந்தபோது, அதை வைத்த அட்டவணையில் புதிதாக ஒரு வரிகூட எழுத முடியாமல் போனதே, நினைவிருக்கிறதா? "பூட்டிய பீரோ" என்று நாம் சிரித்த சிரிப்பு. 2014இல், 2016இல் அவர்கள் பூட்டைத் திறந்துவிட்டார்கள். நான்தான் பழைய சிரிப்பிலேயே தங்கிவிட்டேன்.

கூட்டம் முடிந்த அன்றிரவு உட்கார்ந்து நம் முதன்மைத் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸையே கவனித்தேன். உனக்குத் தெரியாதது இல்லை, ஆனாலும் கண்ணால் பார்த்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெரிய அட்டவணையில் 62 நெடுவரிசைகள். மாதாந்திரக் கூட்டலுக்கு வேண்டியது தேதி, பிரிவு, தொகை என்ற மூன்றுதான். ஆனால் தரவு 8 கிலோபைட் பக்கங்களில் வரிசை வரிசையாகக் கிடக்கிறதே! ஒரு தொகையை எடுக்கப் போனால், பக்கத்திலிருக்கும் முகவரி, "கதவைத் தட்டவும், மணி வேலை செய்யாது" என்கிற குறிப்பு, வரிசைக்கு 23 பைட் தலைப்பு என்று ஊர்வலமே கூட வருகிறது. வட்டிலிருந்து அத்தனையையும் தூக்கிவந்து, பார்க்காமலே கீழே போடுகிறோம். அதற்கு மேல், நாம் கேட்கும் வினவலை நடத்தும் எஞ்சின் ஒவ்வொரு வரிசைக்கும் "அடுத்தது? அடுத்தது?" என்று கேட்டுக் கேட்டு நகர்கிறது. இத்தனை கோடி வரிசைக்கும் அதே கேள்வி. தொகையைக் கூட்டுவதைவிடக் கேட்பதற்கே நேரம் போகிறது.

நெடுவரிசையாகச் சேமிக்கலாம் என்ற யோசனை புதிதல்ல. 1985இல் கோப்லாண்ட், கோஷாஃபியன் என்ற ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். நிஜமான சூட்சுமம் 2005 வாக்கில் ஆம்ஸ்டர்டாம் ஆராய்ச்சி மையத்தில் பிறந்தது: ஒவ்வொன்றாகக் கேட்காதே, கைப்பிடி கைப்பிடியாக அள்ளிக் கேள். அதே மையத்திலிருந்து 2019இல் டக்டிபி என்ற அலசல் தரவுத்தளம் வந்தது, பெயரிலேயே வாத்து. அதன் கைப்பிடி 2048 மதிப்புகள். பிராசசரின் கேஷ் என்கிற சின்ன வேக நினைவகத்துக்குள் அடங்குகிற அளவு. 2024இல் அந்த வாத்தைப் போஸ்ட்கிரெஸ் யானைக்குள்ளேயே (அதன் சின்னம் யானைதானே) ஒரு நீட்சியாக ஏற்றிவிட்டார்கள். நான் அதைத்தான் ஏற்றினேன்.

முதல் நாள் பெருத்த ஏமாற்றம். வேகம் ஏதோ கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான். "வாத்தாவது, முட்டையாவது" என்று எழுந்து போய்விட்டேன். மறுநாள் பல் விளக்கும்போதுதான் உறைத்தது: எஞ்சினைத்தான் மாற்றினேன், சரக்கு இன்னும் அதே வரிசைப் பக்கங்களில் கிடக்கிறது. வாத்தும் அதே ஊர்வலத்தைத்தானே தூக்க வேண்டும்! முடிந்துபோன மாதங்களை, பார்க்கே என்ற வடிவத்தில் தனிக் கோப்புகளாக, நெடுவரிசையில் எழுதி வைத்தேன். ஒவ்வொரு தொகுதிக்கும் சிறிய தேதி எது, பெரிய தேதி எது என்ற குறிப்பு கோப்பிலேயே இருப்பதால், வேண்டாத தொகுதியைத் திறக்காமலே தாண்டிவிடுகிறது. பிரிவு நெடுவரிசையில் ஐந்தே ஐந்து மதிப்புகள் திரும்பத் திரும்ப வருவதால் அது சுருங்கிப் பொட்டலமாகிவிட்டது. மறுபடி அதே வினவல். நாற்காலியில் சாய்வதற்குள் விடை வந்துவிட்டது. தப்பாக ஏதோ தட்டிவிட்டேன் என்று நினைத்து மூன்று முறை ஓட்டினேன். பிறகு நடு அறையில் ஒரு கூச்சல். பக்கத்து இருக்கைக்காரர் இன்னும் என்னைச் சரியாகப் பார்ப்பதில்லை.

இதுவரை படித்துச் சிரித்திருப்பாய். இனிமேல்தான் அடி வாங்கிய கதை.

மாதத் தொடக்க நாள். ஐந்து பேர் ஒரே நேரத்தில் அறிக்கையைத் திறந்தார்கள். நினைவக வரம்பை நான் தாராளமாக வைத்திருந்தேன், மொத்தமே ஒரு வாத்து என்று நினைத்து. இணைப்புக்கு ஒரு வாத்து, ஒவ்வொன்றுக்கும் தனி வரம்பு என்று ஆவணத்தில் எழுதித்தான் இருக்கிறது. படிக்க வேண்டியவன் படிக்கவில்லை. ஐந்தும் சேர்ந்து நினைவகக் குளத்தை உறிஞ்சிவிட்டன. இடம் பிடிக்க லினக்ஸ், ஓடிக்கொண்டிருந்த போஸ்ட்கிரெஸ் புராசஸ் ஒன்றைக் கொன்றது. பொது நினைவகத்தில் கை வைத்திருந்தவன் அப்படிச் செத்தால் போஸ்ட்கிரெஸ் யாரையும் நம்பாது. எல்லா இணைப்புகளையும் வெட்டிவிட்டு மீட்பில் இறங்கியது. பில் போடுகிறவர்கள் நான்கு நிமிடம் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்கு நிமிடம்தானே என்பாய். அந்த நான்கு நிமிடமும் என் தொலைபேசி என் கையிலேயே அதிர்ந்துகொண்டிருந்தது. சண்டையில் என் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது என்று அப்போது தோன்றியது, ஆனால் யாரிடம் சொல்வது? இப்போது வரம்பைக் குறுக்கி, அறிக்கைப் பயனருக்கு ஒரே நேரத்தில் இரண்டு இணைப்புக்கு மேல் இல்லை என்று கட்டிப்போட்டிருக்கிறேன். முதன்மையின் மாற்றங்களை அப்படியே பின்தொடரும் நகல் சர்வருக்கே எல்லா அறிக்கைகளையும் தள்ளிவிடலாமா என்றும் யோசிக்கிறேன். அங்கே வினவலும் முதன்மையிலிருந்து வந்து பதியும் மாற்றமும் மோதினால் 30 விநாடி பொறுத்துவிட்டு வினவலை ரத்து செய்யும் அந்தப் பழைய தொல்லை உனக்குத் தெரியும். நீ எப்படிச் சமாளித்தாய்?

இன்னொன்று, இதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. அந்தக் கோப்புகள் தரவுத்தளத்தின் பரிவர்த்தனைப் பாதுகாப்புக்கு வெளியே இருக்கின்றன. வழக்கமாக எடுக்கும் காப்புப் பிரதியில் அவை வராது. முடிந்த மாதத்தில் யாராவது ஒரு திருத்தம் போட்டால் கோப்புக்குத் தெரியாது. அதாவது ஒரே உண்மையை மறுபடி இரண்டு இடத்தில் வைத்திருக்கிறேன்! நீ சொன்னதை ஏற்றுக்கொண்டு, அடுத்த அடியிலேயே அதை மீறியவன் நான். ஒரே ஒரு ஆறுதல்: அட்டவணையையும் கோப்பையும் ஒரே வினவலில் சேர்த்துப் பார்க்க முடிகிறது. தினமும் காலையில் இரண்டின் எண்ணிக்கையையும் கூட்டுத்தொகையையும் கழிக்கிறேன். பூஜ்யம் வராவிட்டால் அறிக்கை திறக்காது. "வெற்றி" என்ற சொல்லை நிரலிலிருந்தே எடுத்துவிட்டேன்.

கண்ணாடிக்காரரிடம் போய்ச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் ராத்திரி வேலை?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. நீ எனக்கு வைத்த "இரவுக் காவலன்" பெயரைச் சொல்லித்தான் இங்கேயும் கூப்பிடுகிறார்கள் தெரியுமா? மகள் பிறந்த ராத்திரிகூட மருத்துவமனை நடைவழியில் அதைத்தான் சரிசெய்துகொண்டிருந்தேன். பெருமையாகச் சொல்லவில்லை.

அது இன்னும் இரவு 2 மணிக்கு ஓடுகிறது. கிடங்கை யாரும் படிப்பதில்லை. நிறுத்துவதற்கு ஒரு வரிதான், எழுதியும் வைத்துவிட்டேன். அடுத்த மாதம் வருவதாகச் சொன்னாயே, வந்து நீயே அந்த விசையைத் தட்டு. அதுவரை ஓடட்டும்.

உன்,
இ. கா.