பாப்பாவுக்கு, என் நெஞ்சுத் துடிப்பைப் பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

பார்சல் வந்து சேர்ந்தது. ஸ்வெட்டர் அளவு சரியாக இருக்கிறது. மூட்டுவலி மாத்திரை டப்பாவை மட்டும் பிரிக்காமல் பீரோவில் வைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. ரத்தம் கட்டியாகாமல் இருக்க நான் சாப்பிடுகிற அசிட்ரோமோடு அந்த மாதிரி வலி மாத்திரை போட்டால் வயிற்றில் ரத்தம் கசியலாம். முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் போதும்.

அசிட்ரோமை விட்டு, மாதாமாதம் ரத்தப் பரிசோதனை தேவைப்படாத புது மாத்திரைக்கு ஏன் மாறவில்லை என்று கேட்டாயே, டாக்டரிடம் கேட்டுவிட்டேன். சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலில் என் இதயத்தில் இருக்கும் மைட்ரல் வால்வு சுருங்கிப்போயிருக்கிறது. அப்படி இருப்பவர்களுக்குப் பழைய மாத்திரைதான் சரி என்றார். அதனால் மாதாமாதம் ஐ.என்.ஆர். பார்க்கிறேன், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை அது. 2க்கும் 3க்கும் நடுவில் இருக்க வேண்டும். போன மாதம் 1.6தான் இருந்தது. அத்தை வீட்டில் நாலு நாளும் முருங்கைக்கீரை சாப்பிட்டிருக்கிறேன், கீரை அந்த மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடுமாம்! கீரையை விட வேண்டாம், வாரம் இரண்டு நாள் என்றால் எல்லா வாரமும் இரண்டே நாள் என்று சொல்லியிருக்கிறார்கள்.

ராத்திரி அந்தப் படபடப்பு வரும்போது எப்படி இருக்கும் என்று உன்னிடம் நான் சொன்னதே இல்லை. உலை கொதிக்கையில் மூடி தடதடக்குமே, நெஞ்சுக்குள் அப்படி இருக்கும். மணிக்கட்டில் விரல் வைத்தால் ஒன்று, உடனே இரண்டு, அப்புறம் ஒன்றுமே இல்லை, பிறகு மளமளவென்று நாலைந்து. முதல் தடவை ஈ.சி.ஜி. எடுத்த இடத்தில் 'வாயு, பயப்படாதீங்க' என்று அனுப்பிவிட்டார்கள். எடுத்த நேரத்தில் துடிப்பு ஒழுங்காக இருந்ததாம். பிறகு துடிப்பை விடாமல் பதிவு செய்யும் ஹோல்டர் கருவியை 24 மணி நேரம் மாட்டிக்கொண்டு படுத்தபோதுதான் அகப்பட்டது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். இதயத்தின் மேல் அறைகள் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்குகின்றன. படபடப்புக்கு நான் பயப்படவில்லை, அதற்கு மாத்திரை இருக்கிறது. அந்த அறையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போய்விடுமோ என்றுதான் பயம்.

அதற்குத்தான் நீ வேண்டும். அப்பாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. நீதான் தினமும் வீடியோ காலில் என் முகத்தைப் பார்க்கிறாய். வாய் ஒரு பக்கம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு கை தொங்கினாலோ, 'தூங்கி எழுந்தா சரியாயிடும்' என்று நான் சொன்னால் கேட்காதே. உடனே எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிடு, 108க்கு அவள் சொல்லிவிடுவாள், பேசி வைத்திருக்கிறேன். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று நம் ஊர் நேரத்தில் குறித்துக்கொள். ஆஸ்பத்திரியில் முதலில் அதைத்தான் கேட்பார்கள், அதை வைத்துத்தான் சிகிச்சையே.

அக்காவின் நம்பரை அப்பா இன்று உனக்கு அனுப்புவார். வந்ததும் ஒரு தடவை அவளிடம் பேசிவிடு, கண்ணு.

அன்புடன்,
அம்மா