மண்பாண்டங்களுக்குச் சூளையில் நிற்கும் நிறங்கள் வேண்டி மனு

அனுப்புநர்:
மண்பாண்டம் செய்வோர் எண்மரின் சார்பில்,
ரோஸ் ஹில், மொரிஷியஸ்.

பெறுநர்:
நிரந்தரச் செயலாளர் அவர்கள்,
கலை, பண்பாட்டு அமைச்சு,
போர்ட் லூயிஸ்.

பொருள்: பானைகளுக்கு ஈயமற்ற நிறக்கலவை உருவாக்க உதவி கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

பொங்கல் பானை, அகல், கலயம் செய்து விற்கிறோம். வனைவதில் குறையில்லை, நிறத்தில்தான் தோற்கிறோம். சுட்ட பானையின்மேல் எனாமல் பெயிண்டால் மயிலும் கோலமும் எழுதுவது வழக்கமாகிவிட்டது. சென்ற பொங்கலன்று என் வீட்டிலேயே பால் பொங்குமுன் தோகை கொப்பளித்து உரிந்தது. நாற்றம் வேறு. அந்தப் பொங்கலை யாரும் தொடவில்லை. முருகன் ஏறும் மயிலாயிற்றே என்று அத்தை ஒரு வாரம் புலம்பினார்.

பிறகு நிறமண்ணைக் கரைத்து, சுடாத பானையில் பூசிச் சுட்டோம். வீடு கட்டத் தோண்டிய இடத்துச் செம்மண் நன்றாகப் பிடித்தது. எரிமலைக் கல் மட்கிய இத்தீவு மண்ணில் இரும்புக்குப் பஞ்சமில்லை. மஞ்சள் காவிதான் ஏமாற்றியது. மஞ்சள் மயிலை உள்ளே வைத்தோம், சிவப்பு மயில் வெளியே வந்தது! மஞ்சள் காவி சுமார் 300 டிகிரியிலேயே தன்னுள் இருக்கும் நீரை இழந்து செங்காவியாகிவிடுமாம். எங்கள் சூளையோ 900 டிகிரியைத் தொடும். ஆகவே பானையின் வெளிப்புறத்துக்கு, மஞ்சளுக்குச் சிர்க்கோனியம் சேர்ந்த நிறப்பொடியும், பச்சைக்குக் குரோமியம் ஆக்சைடும், நீலத்துக்குக் கோபால்ட்டும் தேவை. இவற்றை நம் மண்ணோடு எந்த அளவில் கலந்தால் பானையும் பூச்சும் ஒன்றுபோலச் சுருங்கி, வெடிக்காமல் உரியாமல் நிற்கும்? அதைக் கண்டறிய எங்களிடம் நுண்ணிய தராசுகூட இல்லை. மலிவு என்று ஒருவர் ஈயம் கலந்த மெருகுப்பொடியை நீட்டினார். சோறு பொங்கும் பாத்திரம் என்று மறுத்துவிட்டோம்.

மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் நுண்கலைத் துறையோடு எங்களை இணைத்து, கலவைகளைச் சோதிக்க வழி செய்ய வேண்டுகிறோம். தேறும் பானைகளை 4 சதவீத அசிட்டிக் அமிலத்தில் 24 மணி நேரம் வைத்து, நச்சு உலோகங்களான ஈயமும் காட்மியமும் கசிகின்றனவா என்று அரசு ஆய்வுக்கூடத்தில் கட்டணமின்றிப் பார்த்துத் தர வேண்டும். சாலைப் பணிகளில் வெட்டி ஒதுக்கும் செம்மண்ணில் சில மூட்டைகள் எடுக்கவும் அனுமதி வேண்டும். சுற்றுலாப் பயணிகள் பார்க்க வரும் சமாரெல் ஏழு வண்ண மண்ணை நாங்கள் கேட்கவில்லை. அது வேலிக்கு அப்பால் அப்படியே இருக்கட்டும்.

தை மாதத்துப் பானைகளை ஐப்பசியிலேயே வனையத் தொடங்குவோம். அதற்குள் பதில் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மண்பாண்டம் செய்வோர்

இணைப்பு: மாதிரிப் பானைகள் மூன்று (தோகை உரிந்ததும் சிவந்ததும் உட்பட).